வென்டிலேட்டர்ல இருக்கறவங்களுக்கு நிமோனியானு எப்படி முடிவு பண்றீங்க? ஐசியூ டாக்டர் பதில்கள்

கேள்வி: அப்பா ஒரு வாரமா வென்டிலேட்டர்ல இருக்கார் டாக்டர். நேத்துலேர்ந்து காய்ச்சல், நிமோனியாவா இருக்கலாம்னு இழுக்கறாங்க. எக்ஸ்ரேல தெரியாதா?

பதில்: அதை மட்டும் வச்சு சொல்ல முடியாதும்மா. படுத்தபடியே எடுக்கற எக்ஸ்ரேல வெள்ளையா தெரியறது நிமோனியாவா இருக்கலாம், நீர் கோத்திருக்கலாம், நுரையீரல்ல ஒரு பகுதி சுருங்கியிருக்கலாம், பார்க்க எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும். மூச்சுக்குழாய்ல ட்யூப் போட்டு 48 மணி நேரம் தாண்டி புதுசா வெள்ளை வந்து, கூடவே காய்ச்சல், வெள்ளணு ஏறுறது இல்ல இறங்குறது, சீழ் மாதிரி சளி, இதுல குறைஞ்சது ரெண்டு இருந்தா சந்தேகப்படுவோம். அப்பவும் சந்தேகம்தான். உங்க டாக்டருங்க மறைக்கல, உள்ளதைத்தான் சொல்றாங்க.

கேள்வி: நான் ஐசியூ நர்ஸ். ட்யூப் வழியா சளியை உறிஞ்சி எடுக்கற சக்‌ஷன் பண்றப்போ எதை கவனிக்கணும் சார்?

பதில்: ரொம்ப முக்கியமான கேள்விம்மா. முந்தின ஷிஃப்ட்ல வெள்ளையா கொஞ்சமா வந்த சளி இப்ப மஞ்சளா கெட்டியா மணிக்கு ஒருதரம் எடுக்க வேண்டியிருக்கு, வென்டிலேட்டர்ல குடுக்கற ஆக்சிஜன் 40 சதவீதத்துல இருந்தது 60 ஆக்க வேண்டியதாச்சுன்னா உடனே சொல்லுங்க, ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்கு துப்பு கிடைக்கிறது உங்க கிட்டதான். புது ஆன்டிபயாடிக் முதல் டோஸ் போறதுக்கு முன்னாடி சளி சாம்பிள் எடுத்துடுங்க.

கேள்வி: பிஜி ஸ்டூடன்ட் சார். சளி கல்ச்சர்ல, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கற டெஸ்ட்ல, அசினெட்டோபாக்டர்ங்கற பாக்டீரியா வளர்ந்திருக்கு, பேஷன்ட்டுக்கு காய்ச்சல் இல்ல, எக்ஸ்ரே பழையபடியே. கொலிஸ்டின் ஆன்டிபயாடிக் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ட்யூப் இருந்தாலே கிருமி வந்து ஒட்டிக்கும், அது நோய் இல்ல. பேஷன்ட்டை விட்டுட்டு ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பண்ணா கிட்னிதான் அடிவாங்கும். ட்யூப் சளியில மில்லிக்கு 1 லட்சம் கிருமி, பிஏஎல்ல (நுரையீரலுக்குள்ள உப்புத்தண்ணி விட்டு கழுவி எடுக்கற சாம்பிள்) 10,000 தாண்டணும்னு கணக்கு உண்டு, ஆனா அறிகுறியே இல்லாதப்போ அந்த கணக்குக்கு அர்த்தமில்ல. கேண்டிடாங்கற பூஞ்சை வளர்ந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

கேள்வி: அப்போ ப்ராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள்ள விடற கேமரா குழாய்) போட்டு பிஏஎல் எடுத்தா துல்லியமா இருக்குமா?

பதில்: 2006ல கனடா குழு 740 பேரை வச்சு பார்த்தாங்க, பிஏஎல்லோ சாதா ட்யூப் சளியோ, 28 நாள் இறப்புல வித்தியாசம் இல்ல. 2016 அமெரிக்க கைட்லைனும் ட்யூப் சளியே போதும்னுதான் சொல்லுது. ஆனா அந்த ஆய்வுல சூடோமோனாஸ், எம்ஆர்எஸ்ஏ மாதிரி மருந்துக்கு எளிதில் அடங்காத பாக்டீரியா ஏற்கனவே இருக்குனு தெரிஞ்சவங்களை சேர்க்கல, நம்ம ஐசியூல அப்படிப்பட்டவங்க நிறைய, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

கேள்வி: ப்ரோகால்சிடோனின்னு ரத்தத்துல பாக்டீரியா தொற்றைக் காட்டற டெஸ்ட் இருக்கே, அதை நம்பலாமா?

பதில்: மருந்தை ஆரம்பிக்க அதை நம்பாதீங்க. நிறுத்தற நேரத்துல உதவும்.

கேள்வி: கல்ச்சர்ல ஒண்ணுமே வளரல, ஆனா காய்ச்சல் விடல சார்.

பதில்: கடைசி 72 மணி நேரத்துல ஆன்டிபயாடிக் எதுவும் மாத்தாம இருந்து, சாம்பிளும் ஒழுங்கா எடுத்திருந்தா நிமோனியா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. மருந்தை நிறுத்தறதைப் பத்தி சீனியர்கிட்ட பேசிட்டு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்ல போட்ட ட்யூப்), யூரின், சைனஸ், கால்ல ரத்தக்கட்டினு ஒவ்வொண்ணா தேடுங்க.