சீவாளியும் செல்போனும்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன மாதம் கானாடுகாத்தானில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நாதஸ்வரக் கச்சேரி முழுவதையும் போனில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் வாசித்தவர்கள் முகமெல்லாம் கரி, படத்தில் கோடு கோடாக ஓடுகிறது, தவில் சத்தம் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. போதாததற்கு, நடுவில் நாதஸ்வரக்காரர் கையைக் காட்டி, எடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தானே எடுத்தேன், அது ஏன்?

முத்து, தேவகோட்டை

தம்பி முத்து,

முதலில் கரி முகம். நம் செட்டிநாட்டு வீடுகளின் வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், படம் எடுப்பவனுக்குப் பொல்லாத இடம். நடு முற்றத்தில் வெயில் கொட்டும், சுற்றி நிழலில் கச்சேரிக்காரர்கள் இருப்பார்கள், போன் அந்த வெயிலைப் பார்த்து மொத்த வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள், முற்றம் வெளுத்தால் வெளுக்கட்டும். அதைவிட, முற்றம் உங்கள் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி நகர்ந்து நிற்பது மேல்.

கோடுகள் எல்இடி விளக்கால் வருபவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் மலிவு விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்து, வீடியோவை நொடிக்கு 25 பிரேமில் எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

சத்தத்துக்கு உங்கள் போன் மட்டும் காரணமில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், துணி என்று எதுவுமே இல்லை, தவில் அடித்தால் நாலு பக்கமும் திரும்பி வரும். சின்ன ரெக்கார்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, தவில் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தைத் தாங்குகிற அளவுக்கு ஒலிப்பதிவு லெவலை இறக்கிவிடுங்கள். ஆலாபனையைக் கேட்டு லெவல் வைத்தால் தவில் வந்ததும் உடையும்.

சரி, அந்தக் கை விஷயம். எந்த நேரத்தில் நிறுத்தச் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். பல வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில், நாதஸ்வர வித்வான் சீவாளியை, அதாவது வாத்தியத்தில் மாட்டி ஊதும் நாணல் துண்டை, வாயில் ஊற வைத்து, ஒன்று சரியில்லை என்று அடுத்ததை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு முழ தூரத்தில் போய் லென்ஸை நீட்டினேன். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "வாயில் நாணலோடு இருக்கிற மூஞ்சியை ஊரெல்லாம் காட்டுவியா தம்பி?" என்றார். எனக்கு இலையில் இருந்து தலை நிமிரவில்லை. அன்றே தவில்காரரிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தேன், அவரோ வலக்கை விரல்களில் கூடு, அதாவது தவில் அடிப்பதற்கான விரல் உறை, மாட்டும்போது தானே கூப்பிட்டு, வெளிச்சத்துக்காகக் கையைத் திருப்பியும் காட்டினார். என்னிடம் இருப்பதில் அதுதான் நல்ல படம்.

நீங்கள் கேட்டீர்களா? கல்யாண வீட்டாரிடம் கேட்டது கணக்கில் சேராது. வாசிப்பவருக்குத் தன் நிகழ்ச்சி மேல் உரிமை உண்டு என்று 1994 திருத்தத்திலேயே பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். சொந்தமாகப் பார்த்துக்கொள்ளப் பதிவு செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை, யூடியூபில் ஏற்றுவது வேறு கதை.

எடுக்காதே என்று சொல்லவில்லை. காரைக்குடி சகோதரர்களில் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார் என்று எவ்வளவு எழுதினாலும், ஒரு போட்டோவில் பார்ப்பது மாதிரி வராது. அதனால் கரி முகமானாலும் உங்கள் பதிவை அழித்துவிடாதீர்கள். நாதஸ்வரக்காரர் நம்பரை வாங்கி ஒரு பிரதி அனுப்புங்கள், அப்புறம் அந்தக் கையைப் பற்றியும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.