எண்களோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்கு ஏற்ற வேலை எது?

பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி. வழக்கமாக ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்: எழுத்தாளர், போட்டோகிராபர், உளவியல் ஆலோசகர். உளவியலில் சேர்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள், புள்ளியியல் தாள் காத்திருக்கும். ஸ்டுடியோ வைத்தால் வாடகை, ஜிஎஸ்டி, கடன் தவணை. ஆகவே இரண்டைத் தனித்தனியாகப் பாருங்கள். உள்ளே நுழையக் கணக்கு வேண்டுமா? நுழைந்த பிறகு தினமும் வேண்டுமா?

நான் ஹிஸ்டரி குரூப் படித்து வக்கீலானவன், அதனால் என் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வின் 120 கேள்விகளில் சுமார் பத்தில் ஒரு பங்கு கணக்கு, அதுவும் பத்தாம் வகுப்புத் தரம். அதுவும் வேண்டாமென்றால், தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். வாசலில் தொல்லை இல்லை.

உள்ளே வந்தபின் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதுதான் விஷயம். விபத்து இழப்பீடு, அதாவது எம்சிஓபி வழக்கு நடத்தினால் கால்குலேட்டர் கூடவே வரும். இறந்தவருக்கு 28 வயது என்றால் பெருக்கும் எண் 17. 2009-ல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்த அட்டவணை அது. வருமானத்தோடு எதிர்கால உயர்வைக் கூட்டி, சொந்தச் செலவைக் கழித்து, ஆண்டுக் கணக்காக்கி, பிறகு 17-ஆல் பெருக்க வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் கட்சிக்காரர், "எவ்வளவு சார் வரும்?" என்று நாலு தடவை கேட்டிருப்பார். பாகப்பிரிவினை வழக்கிலும் பின்னங்கள் உண்டு.

கிரிமினல் பக்கம் வேறு உலகம். போலீசில் சாட்சி சொன்னதற்கும் கூண்டில் ஏறிச் சொல்வதற்கும் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே பாதி வேலை. அதற்கு வாசிப்பும் காதும் ஞாபகமும் போதும். எண்கள் இல்லாமல் இல்லை, ஆனால் அவை வெறும் பெயர்கள். கொலைக்குச் சட்டப் பிரிவு 302 என்று ஊருக்கே தெரிந்திருந்தது, புதிய குற்றவியல் சட்டம் வந்ததால் 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைகளுக்கு 103. கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். (முதல் சில வருடம் வருமானம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அரசு வேலைதான் வேண்டும் என்றால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு. 200 கேள்விகளில் 100 தமிழ், 25 மட்டும்தான் திறனறிவுக் கணக்கு. தமிழில் நல்ல பிடி இருந்தால் அந்த 25-ஐப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் பதவியைத் தேர்ந்தெடுக்கும்போது யோசியுங்கள். அதே தேர்வில்தான் விஏஓவும் வருகிறார், தட்டச்சரும் வருகிறார். விஏஓவுக்கு அடங்கல் என்கிற பயிர்ப் பதிவேடு, நிலவரி, ஹெக்டேர் என்று ஓயாத எண்கள். தட்டச்சர், சுருக்கெழுத்தர் வேலையில் அநேகமாகச் சொற்கள்தான். தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகளில் லோயர், ஹையர் முடித்து வைத்திருப்பவர்களுக்கே அந்த வழி.

அதிகம் பேர் யோசிக்காத இன்னொன்று சைகை மொழி உரைபெயர்ப்பு. பிளஸ் டூவுக்குப் பின் இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது. கையும் முகமும் பேசுகிற வேலை, கணக்குக்கு அங்கே வேலையே இல்லை.