வேகாத கடலை, மிஞ்சிய சோறு: சமையலறைக் கேள்வி பதில்

கேள்வி: கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, குக்கரில் எட்டு விசில் விட்டாலும் பல்லில் நறநறக்கிறது. டின்னில் வருவதை வாங்கினால் கட்டுப்படியாகவில்லை. எங்கே தப்பு?

பதில்: முதலில் விசில் கணக்கை விட்டுவிடுங்கள். தீ பெரிதாக இருந்தால் எட்டு விசிலும் சீக்கிரமே அடித்து ஓய்ந்துவிடும். உள்ளே கடலை அப்படியே இருக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்து 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அதுவரை கடலை வெந்துகொண்டுதான் இருக்கும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பொங்கும் நுரையும் கழன்ற தோலும் ஆவித்துளையை அடைத்துவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை கட்டுப்படும்.

அதற்கும் மசியவில்லையா? ஊறிய கடலை ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் உலர்ந்த புள்ளி தெரிந்தால் ஊறியது போதவில்லை. ஒரு பங்கு கடலைக்கு மூன்று பங்கு தண்ணீர், 8 முதல் 12 மணி நேரம் வேண்டும். அவசரமென்றால் 2 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி 1 மணி நேரம் வைத்தாலும் சரி.

உள்வரை ஊறியும் வேகாமல் இருந்தால், பெரும்பாலும் சரக்கு பழசு அல்லது தண்ணீர் கடினம். தண்ணீரிலுள்ள கால்சியம், தோலில் இருக்கும் பெக்டின் என்ற பசைபோன்ற பொருளோடு சேர்ந்து இறுகிவிடும். எது காரணம் என்று பிரித்தறிய, அதே கடலையில் ஒரு கைப்பிடியை வடிகட்டிய குடிநீரில் ஊறவைத்து வேகவையுங்கள். வெந்துவிட்டால் குற்றவாளி தண்ணீர்தான். அதற்கு மருந்து சாதாரண உப்பு: ஊறவைக்கும் 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி. உப்பு போட்டால் தோல் கெட்டியாகும் என்பார்கள், நடப்பது நேர்மாறு. கால்சியம் இருந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்வதால் தோல் இளகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் வேகவையுங்கள். ரொம்பப் பழைய சரக்கென்றால் 250 கிராமுக்கு கால் தேக்கரண்டி சமையல் சோடாவையும் ஊறும் தண்ணீரில் சேர்க்கலாம். அளவு மீறினால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் அழியும்.

புளி, தக்காளி, எலுமிச்சை எதுவாக இருந்தாலும் கடலை வெந்த பிறகுதான். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் கடலை மசிய மறுக்கும்.

கேள்வி: சிவப்பு ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?

பதில்: நேரடியாகப் போடவே கூடாது. வேகாத ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. சில மணி நேரத்திலேயே கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில் பருப்பு மெத்தென்று ஆகும், நச்சு அழியாது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத்தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட்ட பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். பிரஷர் குக்கரில் முழுதாக வேகவைத்தால் இந்தக் கவலை இல்லை.

கேள்வி: தினமும் பருப்பு வைக்கிறோம். இறைச்சி வாங்கும் வசதியில்லை. புரதம் போதுமா?

பதில்: எவ்வளவு பருப்பு என்பதைப் பொறுத்தது. 100 கிராம் பருப்பை நான்கு பேருக்கு நீர்க்க வைத்தால் ஒருவருக்குக் கிடைப்பது 6 கிராம் புரதம்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 50 கிராம் (கிலோவுக்கு 0.83 கிராம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கூடுதல்).

இறைச்சி இல்லாமலே இதை எட்டலாம். உலர்ந்த எடையில் 75 கிராம் பருப்போ பயறோ 17 கிராம் தரும். 200 கிராம் அரிசி 14, ஒரு முட்டை 6, 300 மில்லி பால் அல்லது தயிர் 10, ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை 7. கூட்டினால் 54. அரிசியில் பாதியைக் கோதுமையாக்கினால் இன்னும் கூடும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகள் கோத்தது. பருப்பில் குறையும் அமினோ அமிலம் தானியத்தில் உண்டு, தானியத்தில் குறைவது பருப்பில் உண்டு. இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டுமென்றும் இல்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

எது மலிவு என்று கிலோ விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 100 கிராமின் விலையை, அதிலுள்ள புரதத்தின் கிராம் எண்ணால் வகுத்துப் பாருங்கள். பாக்கெட்டில் பளபளக்கும் புரத பிஸ்கட்டுகள் இந்தக் கணக்கில் தாங்காது.

கேள்வி: பருப்பும் கீரையும் சாப்பிட்டும் இரும்புச்சத்து குறைவு என்கிறார் மருத்துவர்.

பதில்: மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டோடு டீ, காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்; அவை தாவர உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாது. வைட்டமின் சி சேரவைக்கும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், சூட்டில் அந்த வைட்டமின் வீணாகும்.

கேள்வி: ஞாயிறன்று மொத்தமாகச் சமைத்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: வேகவைத்த பயறு ஃப்ரிட்ஜில் 3 நாள், ஃப்ரீசரில் 2 மாதம். ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து வையுங்கள். முழுப் பாத்திரத்தையும் உறையவைத்தால் முழுவதையும் உருக்க வேண்டிவரும்.

சோற்றில்தான் கவனம் தேவை. அரிசியிலுள்ள ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாகா. சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்து நச்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அதனால் வடித்ததும் தட்டில் பரப்பி ஆறவிட்டு, 1 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் நடுச்சோறு வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மறுநாளே தீர்த்துவிடுங்கள். சூடாக்குவது ஒரே முறை, ஆவி பறக்கும் அளவுக்கு.

கேள்வி: எந்த எண்ணெய்க்கு மாறினால் எடை குறையும்?

பதில்: எதற்கு மாறினாலும் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரிதான். பாட்டில் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதிவையுங்கள். 1 லிட்டர் நான்கு பேருக்குப் பத்து நாளில் தீர்ந்தால், ஆளுக்கு தினம் 25 மில்லி, சுமார் 200 கலோரி. பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து விட்டு, அடுத்த பாட்டில் எத்தனை நாள் வருகிறதென்று பாருங்கள்.