எல்லையில் எதை எண்ணுவது?

கேள்வி: அமெரிக்காவில், முதலில் எல்லையை அடைப்போம், அப்புறம் குடியேற்றச் சட்டத்தைத் திருத்துவோம் என்கிறார்கள். எல்லை அடைபட்டதா என்பதைப் பிடிபடுகிறவர்களின் எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிடலாமே?
(வாசகர், கோவை)

பதில்: சொல்ல முடியாது. 2000-இல் மெக்ஸிகோவை ஒட்டிய தெற்கு எல்லையில் பிடிபட்டது 16 லட்சத்துக்கும் மேல். 2011-இல் சுமார் மூன்றேகால் லட்சம். காவல் இறுகியதால் வரத்து குறைந்ததா, அமெரிக்காவில் வேலை கிடைக்காததால் குறைந்ததா? அந்த எண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. கூடினால் எல்லை ஓட்டை என்பார்கள், குறைந்தால் காவலர்கள் கோட்டை விடுகிறார்கள் என்பார்கள்.

2013-இல் அமெரிக்க மேலவையான செனட் 68-32 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றிய குடியேற்றச் சட்டத் திருத்த மசோதா இதைவிட நல்ல கணக்கு ஒன்றைச் சொன்னது. பிடிபட்டவர்களையும் திரும்பி ஓடியவர்களையும் கூட்டி, நுழைய முயன்ற மொத்தப் பேரால் வகுத்தால் 90 சதவீதம் வரவேண்டும். சரி, தப்பிப் போனவரை எப்படி எண்ணுவது? எல்லையோர மண் பாதையில் வண்டிக்குப் பின்னால் பழைய டயர்களைக் கட்டி இழுத்து, புழுதியைச் சமமாக்கி வைப்பார்கள். அடுத்த முறை வரும் காவலர் அதில் காலடித் தடம் தேடுவார். கடந்து வருகிறவர்கள் காலணிக்கு அடியில் கம்பளத் துண்டைக் கட்டிக்கொள்வதும் உண்டு. தடம் தெரியாத ஆள் மொத்தத்தில் சேரமாட்டார், சதவீதம் ஏறிவிடும். அதாவது, கண்காணிப்பு குறைந்த இடத்தில் மதிப்பெண் கூடும். விசாவில் விமானம் ஏறி வந்து, காலம் முடிந்தும் தங்கிவிடுகிறவர்கள் இந்தக் கணக்கிலேயே கிடையாது.

எனக்குக் கோபம் வருவது இதற்கடுத்த இடத்தில். 90 சதவீதத்தை இலக்காக மட்டும் வைத்துக்கொண்டு, ஆவணமில்லாதவர்களுக்குக் கிரீன் கார்டு தரும் நிபந்தனையை 38,405 காவலர்கள், 700 மைல் வேலி என்று எழுதினார்கள். இதெல்லாம் செலவுக் கணக்கு. காவலரை நிறுத்தியதால் என்ன நடந்தது என்பதுதானே விளைவு? அந்த மசோதாவையும் கீழவையான பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆவணமில்லாத சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் காத்திருந்தது வீணானது.

விளைவை அளக்க நினைப்பவர்கள் எல்லையோர மாநிலமான அரிசோனாவிலிருந்து தொடங்கட்டும். 1990-களில் எல்லை நகரங்களில் காவலை இறுக்கியதும், கூட்டம் பாலைவனப் பக்கம் திரும்பியது. அம்மாநிலத்தின் டூசான் நகரில் உள்ள பிமா கவுண்டி பிரேதப் பரிசோதனை அலுவலகத்துக்கு இன்றும் அங்கிருந்து எலும்புகள் வருகின்றன, பலவற்றுக்குப் பெயர் தெரியாது. பிடிபட்டவர், திரும்பியவர், தப்பியவர் என்று மூன்றே வகை வைத்திருக்கும் அந்தச் சூத்திரத்தில் இவர்களுக்கு இடமே இல்லை.