முதலில் பத்திரம், அப்புறம் பாத்திரம்

அக்கா, மறதி நோய் வந்த கணவரோடு கும்பகோணம் வீட்டைக் காலிசெய்து கோவையில் முதியோர் குடியிருப்புக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் வீடு அவர் பெயரில் என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. அவருக்கு விஷயம் புரிகிறபோதே டாக்டர் சான்று வாங்கி வக்கீலைப் பாருங்கள். பவர், அதாவது அவர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம், எழுதினால் போதும் என்பார்கள். மனத்தெளிவு போய்விட்டால் பவர் செல்லாது, கோர்ட்டுக்கு அலைய வேண்டும். பையனுக்கு எழுதுவதானால் 'பெற்றோரைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, பையன் கவனிக்காவிட்டால் எழுதிக்கொடுத்ததை ரத்து செய்யக் கேட்க அது வேண்டும்.

அண்டா, குண்டானெல்லாம் கொடுத்துவிடுங்கள். அவருடைய சாய்வு நாற்காலியையும் காபி டவராவையும் மட்டும் விடாதீர்கள். அப்பாவைத் திருச்சிக்கு அழைத்துப் போனபோது எல்லாம் புதிதாக வாங்கினோம், புத்திசாலித்தனமாம்! சாயங்காலமானால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று வாசல் கேட் பக்கம் நிற்பார். பழைய நாற்காலி வந்த பிறகுதான் உட்கார்ந்தார். கட்டிலையும் பழையபடி போடுங்கள், ராத்திரி பாத்ரூம் அதே பக்கம் இருக்கும்படி.

நோய் முற்றினாலும் அந்தக் குடியிருப்பில் வைத்துக்கொள்வார்களா? பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள். சந்தேகம் என்றால் முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.