சோப்பும் ஜெட்டியும்: ஜாவா கேள்வி-பதில்

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், இது குளியலறைச் சமாச்சாரம் இல்லை. சோப் (SOAP) என்பது புரோகிராம்கள் எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசிக்கொள்ளும் முறை, ஜெட்டி (Jetty) என்பது ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு வெப் சர்வர்.

ஜாவா 8-இல் எண்ட்பாயிண்ட் பப்ளிஷ் என்று ஒரே வரியில் ஓடிய சோப் சர்வீஸ், 17-க்கு மாறியதும் கிளாஸ் இல்லை என்று விழுகிறது. என்ன தப்பு செய்தேன்?

ஒன்றும் செய்யவில்லை. ஜாவா 6-இலிருந்து ஜேடிகேயோடு (ஜாவாவில் எழுதுவதற்கான அடிப்படைத் தொகுப்பு) சேர்ந்தே வந்த, சோப் சர்வீஸ் எழுத உதவும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸை 2018-இல் வந்த ஜாவா 11-இல் தூக்கிவிட்டார்கள். 9-லேயே சொல்லியும் வைத்திருந்தார்கள், வார்னிங்கை யார் படிக்கிறோம்? ஜாக்ஸ்டபிள்யூஎஸ்-ஆர்டி நூலகத்தை டிபெண்டன்சியில் சேருங்கள், அதே வரி மறுபடி ஓடும், ஏனென்றால் அடியில் இருக்கும் குட்டி எச்டிடிபி சர்வர் இன்னும் ஜேடிகேயில்தான் இருக்கிறது. வெர்ஷனில் மட்டும் கவனம். 2.3 வரிசை பழைய ஜாவாக்ஸ் பேக்கேஜ் பெயர்களோடு வரும், 3-இலிருந்து அந்தப் பெயர்கள் எல்லாம் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. எழுதிய புரோகிராமைத் தொடாமல் பிழைக்க வேண்டுமென்றால் 2.3.

ஜெட்டி 11-க்குள் சிஎக்ஸ்எஃப் 3 (சோப் சர்வீஸ் எழுத உதவும் இன்னொரு நூலகம்) சர்வ்லெட்டைப் போட்டால் கம்பைலே ஆகவில்லையே?

ஆகாது. அதே ஜாவாக்ஸ்-ஜகார்த்தா சண்டைதான். ஜெட்டி 10-க்கு சிஎக்ஸ்எஃப் 3, ஜெட்டி 11-க்கு சிஎக்ஸ்எஃப் 4 என்று ஜோடி சேருங்கள். ஜெட்டி 12 இரண்டு பெயர்களையும் ஏற்கும், ஆனால் அதற்குத் தனித்தனி மாட்யூல் உண்டு, பார்த்து எடுக்க வேண்டும். அப்புறம், இதற்காக ஸ்பிரிங் என்ற பெரிய ஜாவா ஃபிரேம்வொர்க்கை இழுத்து வராதீர்கள், சிஎக்ஸ்எஃப்-நான்-ஸ்பிரிங் சர்வ்லெட் என்று ஒன்று இதற்கென்றே இருக்கிறது.

என் லேப்டாப்பில் ஓடுகிறது, டாக்கர் கண்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) போட்டால் வெளியிலிருந்து தொட முடியவில்லை.

முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருப்பீர்கள். கண்டெய்னருக்குள் அது கண்டெய்னரையே குறிக்கும். 0.0.0.0 என்று மாற்றுங்கள்.

ஒரு கிளையண்ட் மெதுவாக இருந்தால் மற்ற எல்லோரும் காத்துக் கிடக்கிறார்கள். ஜெட்டி இல்லை, ஜேடிகேயின் எச்டிடிபி சர்வரை நானே உருவாக்கி அதில் பப்ளிஷ் செய்கிறேன்.

ரிக்வெஸ்ட்டுகளைத் த்ரெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸிக்யூட்டரைக் கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் எல்லா ரிக்வெஸ்ட்டும் ஒரே த்ரெட்டில் வரிசையில் நிற்கும். இதில் நானும் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன், டேட்டாபேஸ்தான் மெதுவென்று நினைத்து அங்கே இண்டெக்ஸ் மேல் இண்டெக்ஸாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஒரு த்ரெட் பூலை செட் செய்யுங்கள், அளவுக்கு ஒரு வரம்பும் வையுங்கள்.

முன்னால் நின்று ரிக்வெஸ்ட்டை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸுக்குப் (nginx) பின்னால் வைத்ததும், சர்வீஸை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலில் உள் முகவரி வருகிறது.

என்ஜின்எக்ஸில் ஹோஸ்ட் ஹெடரை அப்படியே உள்ளே அனுப்பச் சொல்லுங்கள். சிஎக்ஸ்எஃப் என்றால் வெளி முகவரியைப் பப்ளிஷ்ட்-எண்ட்பாயிண்ட்-யூஆர்எல்லில் நேரடியாகவே எழுதிவிடலாம், நான் அதைத்தான் செய்வேன்.