லாரியை எத்தனை வருடத்தில் மாற்றுவது?

ஆறு லாரி வைத்திருக்கிறீர்கள், எட்டு வருடமானதும் தள்ளிவிடச் சொல்கிறார்கள், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நாமக்கல்லில் எங்களுக்கு நாலு வண்டி. வயதை மட்டும் பார்த்து நான் எதையும் விற்றதில்லை.

எட்டு வருடக் கணக்குக்குக் காரணம் எஃப்.சி., அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று சோதித்துத் தரும் சான்று. அதுவரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அப்புறம் வருடா வருடம். ஒவ்வொரு தடவையும் பெயின்ட், பிரேக் என்று பட்டறையில் வண்டி ஒரு வாரம் நின்றுவிடும். வெளி மாநிலம் ஓட்ட எடுக்கும் நேஷனல் பெர்மிட்டுக்கும் வயது வரம்பு உண்டு: சாதாரண லாரிக்கு 12 வருடம், இரண்டு அச்சுக்கு மேல் உள்ள மல்டி ஆக்சிலுக்கு 15. வாங்க வருகிறவர் முதலில் இதைத்தான் விரல்விட்டு எண்ணுவார்.

நான் பார்ப்பது டீசல் கணக்கை. எங்கள் டாரஸ் (கனரக மல்டி ஆக்சில் லாரி) ஒன்று லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, மெல்ல மூன்றரைக்கு இறங்கியது. அரை கிலோமீட்டர்தானே என்று விட்டுவிட்டேன். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி அது. கிட்டத்தட்ட 286 லிட்டர் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 26,000-க்கு மேல். புது வண்டிக்குக் கட்டும் மாதத் தவணையில், அதாவது டியூவில், ஒரு நல்ல பங்கு சத்தமில்லாமல் டேங்க் வழியாகவே போய்க்கொண்டிருந்தது.

அடுத்தது, நின்ற நாட்கள். ஒரு சித்திரையில் முட்டை லோடோடு பெங்களூர் போகும்போது தொப்பூர் மேட்டில் அதே வண்டியின் கியர்பாக்ஸ் போய்விட்டது. வேறு வண்டி பிடித்து, அந்த வெயிலில் அட்டை அட்டையாக மாற்றி ஏற்றினோம். கியர்பாக்ஸ் செலவு பில்லில் இருக்கிறது. உடைந்த முட்டையும், அடுத்த வாரம் அந்தப் பண்ணைக்காரர் வேறொருவருக்குக் கொடுத்த லோடும் எந்த பில்லில் வரும்? அன்றிலிருந்து வண்டிக்கு ஒரு நோட்டு போட்டு, டீசல், வேலை, நின்ற நாள் மூன்றையும் எழுதுகிறேன். ஆறு மாதச் சராசரியில் இவற்றால் கூடும் நஷ்டம் புது வண்டி டியூவை நெருங்கினால் விற்க ஆள் பார்ப்பேன். அப்பாவுக்கு மனசு வராது, அது வேறு கதை.

பழைய புகை விதிப்படி வந்த பி.எஸ்.4 வண்டி நல்ல நிலையில் இருந்தால் அவசரப்படாதீர்கள். புது விதிப்படி வரும் பி.எஸ்.6-இல், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா கரைசலான ஆட்புளூ செலவு தனி. சென்சார் மக்கர் செய்தால் ரோட்டோர மெக்கானிக் கை வைக்கத் தயங்குவார்.

விற்பதானால் எஃப்.சி. எடுத்த கையோடு விற்றுவிடுங்கள். புது டயர் மட்டும் போட்டுவிடாதீர்கள், தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் போதும். நான் ஆறு புது டயர் மாட்டினேன். வாங்கியவர் அதற்காக ஒரு ரூபாய்கூட ஏற்றிக் கொடுக்கவில்லை.